ஆடாமல் இரு

ஓவியர் பெல்லமி சன்னல் திரையை விலக்கி, இறந்தவரின் நெற்றியில் வெளிச்சம் விழும்படி செய்தார். வரைந்தவரையில் மூக்கு நன்றாக வந்துவிட்டதாம். இனி மகள் கட்டிலருகே மண்டியிட வேண்டும்.

"தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக்கம்மா வின்னி. அப்பா கையைப் பிடிச்சிக்க. அவ்வளவுதான், ஆடாம இரு."

ஓர் ஓவியர் இறந்தால் சக ஓவியர் வந்து அந்த முகத்தை வரைந்து வைப்பது லண்டனில் அவர்களுக்குள் ஒரு மரியாதை. சர் லயோனல் ஹார்ட்ரிக் சாதாரண ஓவியரா என்ன? சிறுமி ஒருத்தி சாகக் கிடக்கும் அவருடைய 'இன்னும் ஒரு விடியல்' படம் தொங்காத வீடு நாட்டில் இல்லை. சோப்புக்காரன்கூட அதை வாங்கி டப்பாவில் ஒட்டிவிட்டான். அந்தச் சிறுமி இந்த வின்னி, அவர் மகள் வினிஃப்ரெட்தான். ஆறு வயதில் ஒரு குளிர்காலம் முழுக்க, அப்பா பார்த்து வரைவதற்காக அப்படிக் கிடந்தாள். பிறகு படத்துக்குப் படம் அனாதையானாள், கடலில் மூழ்கினாள். கால் மரத்துப்போய் அழுதால் அப்பாவுக்குச் சந்தோஷம். "அந்தக் கண்ணீரை அப்படியே வச்சுக்கடா கண்ணு" என்பார். முப்பது வயது தாண்டியும் விடவில்லை. போன மாதம்வரை விதவையாக நின்றாள், கல்யாணமே ஆகாமல்.

காலையில் அவர் மூச்சு நின்றதும் அவளுக்கு முதலில் தோன்றியது, இனி நிற்க வேண்டாம் என்பதுதான். அப்பா மேல் பாசம் இல்லாமல் இல்லை. ஆனாலும் நிம்மதியாக இருந்தது, என்ன செய்வது. இப்போது பெல்லமி வந்து நிற்கிறார். மறுத்தால் ஊர் என்ன பேசும்? முழங்கால்கள் தாமாகவே மடிந்தன.

"அழுதா நல்லாருக்கும்," என்றார் பெல்லமி, பென்சிலைச் சீவியபடி. "வரலேன்னா பரவாயில்ல, நானே போட்டுக்கறேன்."

மூலையில் உட்கார்ந்து தொப்பியில் கறுப்புத் துணி தைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். கணவர் படம் வரையும்போது ஒரு நாளும் குறுக்கே பேசாதவள்.

"வின்னி, எழுந்திரு."

"பாதியில இருக்கு மேடம். இவங்க கொஞ்ச நேரம் அசையாம இருந்தாப் போதும்."

"அசையாம இருக்க ஆள்தானே வேணும் உங்களுக்கு? அதான் படுத்திருக்காரே. அவரைப் போடுங்க."

வினிஃப்ரெட் எழுந்து, அப்பாவின் கையைப் போர்வைமேல் ஒழுங்காக வைத்தாள். கதவைத் தாண்டியதும் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள். துக்க வீட்டில் அப்படி ஓடக் கூடாது. கீழே சமையல்காரி தோட்டத்துக் கதவைத் திறந்து பிடித்தாள்.