பதினோரு நாள் மசங்கல்

டிரைவர் வீட்டில் பதினோரு நாள் பொழுது சாய்ந்தபடியே நின்றது. தெருவில் மற்ற பதினாறு வீடுகளிலும் வழக்கம்போல விடிந்தது, வெயிலடித்தது, இருட்டியது. அவர் குடியிருந்த கீழ்ப்போர்ஷனில் மட்டும், ஞாயிற்றுக்கிழமை ஆறரை மணிக்கு உள்ளே வந்த மங்கல் வெளிச்சம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

டிரைவர் டவுன் பஸ் ஓட்டுபவர். அவர் மனைவி முன்னறையில் மெஷின் போட்டுத் துணி தைப்பவள். கல்யாணமாகி நாலு மாதம்தான். அன்று அவருக்கு ஓய்வு நாள். ஜன்னலோரம் அவள் பள்ளிச் சீருடைக்குப் பொத்தான் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். "கருக்கலாயிடுச்சு, லைட்டப் போடு" என்றார். அவள் தலை நிமிராமல், "இது கருக்கல் இல்லீங்க, மசங்கல்" என்றாள். ஊசியில் கறுப்பு நூல் ஏறாது, வெள்ளை நூல் ஏறும், அந்த நேரத்துக்குத்தான் மசங்கல் என்று பேர். வெள்ளையும் ஏறாமல் போனால்தான் கருக்கல் என்று விளக்கமும் சொன்னாள். ஹெட்லைட்டைப் போட்டாலும் எடுபடாது, போடாவிட்டாலும் தெரியாது, அதுதான் கருக்கல், டிப்போவில் யாரை வேண்டுமானாலும் கேள் என்றார் அவர். சரியான பேரைச் சொன்னால் லைட்டைப் போடுகிறேன் என்றாள் அவள். நீ முதலில் சொல், நானே எழுந்து போடுகிறேன் என்றார் அவர். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்கிற ஆட்கள் இல்லை. எந்தப் பேரில் கிளம்புவது என்று தெரியாமல் வெளிச்சமும் நின்றுவிட்டது.

மறுநாள் காலை பத்து மணிக்கும் வீட்டுக்குள் ஆறரையாகவே இருந்ததால், பேசிக்கொள்ளாமலே ஸ்விட்சைத் தட்டிப் பார்த்தார்கள். பல்பு எரிந்தது, ஆனால் வெளிச்சம் கண்ணாடியைத் தாண்டி வரவில்லை, முட்டைக்குள் மஞ்சள் கரு மாதிரி உள்ளேயே கிடந்தது. எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்டர் வைத்துப் பார்த்தார். லைனில் கோளாறில்லை, பல்பிலும் கோளாறில்லை, வேறு எங்கே என்று நீங்கள் ரெண்டு பேரும்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ஏணியை மடக்கினார். கொசு கிளம்புகிற நேரம் அது என்பதால் பதினோரு நாளும் கொசு கிளம்பிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுக் கோழிகள் மதியம் பன்னிரண்டு மணிக்கு உள்ளே வந்து கட்டிலுக்கடியில் அடைந்தன. மாடியில் இருந்த வீட்டுக்காரர், நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், புகார் சொல்ல இறங்கி வந்தார். வந்ததும் டீ குடிக்க வேண்டும்போல இருந்தது, குடித்தார். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவை வந்தார். எப்போது வந்தாலும் அங்கே டீ நேரம். டேப் பிடித்து அளந்து, மங்கல் வாசற்படிக்கு உள்ளே முக்கால் அடியில் தொடங்குகிறது என்று டைரியில் குறித்தும் வைத்தார்.

ஆனால் விஷயம் விளையாட்டாக இல்லை. பன்னிரண்டாம் நாள் பள்ளி திறக்கிறது. வெள்ளைச் சட்டைகளை எல்லாம் அவள் தைத்துவிட்டாள்; கறுப்பு நூல் ஏறாததால் கருநீலக் கால்சட்டைகள் வெட்டிய துணியாகவே கிடந்தன. மெஷினை வாசலில் போட்டு இரண்டு நாள் தைத்தாள், மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. டிரைவருக்கோ தூக்கம் போயிற்று. கண்ணை மூடினாலும் பொழுது சாய்ந்துகொண்டிருப்பது தெரிந்தது. தலையணையை எடுத்துக்கொண்டு டிப்போ ஓய்வறைக்குப் போனவர் திரும்பவில்லை. சாயங்கால டிரிப்பில் விளக்குக் கம்பத்து நிழலுக்கெல்லாம் பிரேக் போடுகிறார் என்று பயணிகள் எழுதிக் கொடுத்தார்கள். இன்னொரு புகார் வந்தால் வண்டியிலிருந்து இறக்கி ஒர்க்‌ஷாப்பில் போட்டுவிடுவேன் என்று மேனேஜர் சொன்னதைக் கண்டக்டர் வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போனார்.

பதினோராம் நாள் ஆறேகால் மணிக்கு அவள் சாப்பாட்டுத் தூக்குடன் அவர் ஓட்டும் பஸ்ஸில் ஏறி டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். மழை விட்டு வானம் நன்றாகத்தான் இருந்தது. வெள்ளை நூல் ஏறும் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். அவர் ஸ்டீயரிங்மேல் கவிழ்ந்து, தாடை முன்கண்ணாடியில் இடிக்கிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரி வளைவில் பிரேக் விழுந்தது. எதிரே வெறும் ரோடு. பின்னாலிருந்தவர்கள் திட்டத் தொடங்கினார்கள். அப்போது அந்த ரோட்டிலிருந்தே பிய்ந்து வந்தவர்போல, கறுப்புச் சட்டைக்காரர் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போனார்.

"வானத்துல வெளிச்சம் இருக்கு, ரோட்டுல ஆள் தெரியல. இதத்தான் நான் கருக்கல்ங்கிறேன்" என்றார் டிரைவர், திரும்பாமலே. பிறகு, கியரை மாற்றிக்கொண்டே, இரண்டு வருஷத்துக்கு முன் இதே வளைவில் ஒருவருடைய குடையை பம்பர் தட்டியதைச் சொன்னார். குடைதான் விழுந்தது, ஆள் எடுத்துத் தட்டிவிட்டுத் திட்டிக்கொண்டே போய்விட்டார். ஆனால் அன்றிலிருந்து தினமும் இந்த நேரத்தில் தனக்கு பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே பயம், கண்டக்டருக்குக்கூடத் தெரியாது என்றார்.

இரண்டு ஸ்டாப் தாண்டியதும் அவள் முன்னால் சாய்ந்தாள்.

"லைட்டப் போடச் சொன்னப்பவே இதச் சொல்லியிருக்கலாமே."

"நீ பேரைத்தானே கேட்ட."

டூட்டி முடிந்து இருவரும் ஒன்றாக வீட்டுக்கு வந்தபோது தெருவில் இருட்டிவிட்டது, உள்ளே ஆறரை. டிரைவர் ஊசி கேட்டார். கறுப்பு நூலை எச்சில் தொட்டு முறுக்கிப் பதினாலு தடவை முயன்றார், இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டார். வெள்ளை நூல் இரண்டாவது தடவையிலேயே ஏறியது. அவர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மசங்கல்தான்" என்றார். அதே நேரத்தில் அவள், "கருக்கலாயிடுச்சு, லைட்டப் போடறேன்" என்று எழுந்தாள். இரண்டு பெயரும் கிடைத்ததும் வெளிச்சம் ஜன்னல் வழியாக இறங்கிப் போனது. கோழிகள் கலைந்து வெளியே ஓடின. பல்பு அறை முழுக்க எரிந்தது. மிச்சமிருந்த ஒன்பது கால்சட்டைகளையும் பள்ளி மணி அடிப்பதற்குள் அவள் தைத்து முடித்தாள். நூல் கோத்துக் கொடுத்தது டிரைவர்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பொழுது இரண்டு தடவை சாய்கிறது. முதலில் மசங்கல் வந்து இருந்துவிட்டுப் போகும், அடுத்தாற்போல் கருக்கல். மகள் பிறந்து, பேச்சு வந்ததும் "வெளிச்சம் கொட்டாவி விடுது" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சொன்னாள். ஆக இப்போது மூன்று. மூன்றும் முடிந்து அங்கே இருட்டுவதற்கு ஏழரை ஆகிவிடும். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இருட்டுவதற்குள் வந்துவிட வேண்டும் என்று பிள்ளைகளை விளையாட அனுப்புகிற அம்மாக்கள் மட்டும், எந்த வீட்டு இருட்டு என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புகிறார்கள்.