கம்பளக் கடையைச் சுற்றி எழும்பிய தேவாலயம்

ஒஸ்லோவின் புறநகரான ஸ்டோவ்னரில் கானாக்காரரின் தேவாலயம், ஓகஸ்ட் மாதத்துக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே முழங்கால் உயரத்துக்கு வளர்ந்தது. அது 2022ஆம் ஆண்டு. ஒஸ்லோவில் மின்சாரக் கட்டணம் சனத்தை வாட்டிய ஆண்டு. அன்றுவரை அதைப் பார்த்து யாரும் தேவாலயம் என்று சொல்லியிருக்கமாட்டார்கள். முன்பு கம்பளம் விற்ற தகர மண்டபம் அது. காலையில் சனம் உள்ளே போகும்போது சுற்றிவரத் தார் போட்ட வாகனத் தரிப்பிடம் மட்டும் இருந்தது. மதியம் வெளியே வரும்போது மண்டபத்துக்கு நாலு பக்கமும், சற்றுத் தள்ளி, சீமெந்துக் கல்லில் ஒரு சுவர் நின்றது. பிள்ளைகள் அதைத் தாண்டிக் குதித்தார்கள். பெரியவர்கள் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடந்தார்கள். இரண்டு கார்கள் சுவருக்கு உள்ளே அகப்பட்டுவிட்டன. ஆண்கள் கூடி, பாட்டுப் பாடிக்கொண்டே, அவற்றைத் தூக்கி வெளியே வைத்தார்கள். பாஸ்டர் குவாபெனா குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தார். கல் சூடாக இருந்தது, அதில் செம்மண் தூசி படிந்திருந்தது. கானாவில் தன் ஊரான குமாசி நகரத்துக் கல் என்று அவருக்கு உடனே விளங்கிவிட்டது. சிரிப்பு ஒரு பக்கம், அழுகை ஒரு பக்கமாக, அவர் முதலில் தொலைபேசி எடுத்தது துஷ்யாவுக்கு.

துஷ்யா, ஸ்டோவ்னரில் குடியிருக்கும் தமிழரான ஓய்வூதியக்காரர் சின்னராசாவின் ஒரே மகள். ஸ்டோவ்னரில் வளர்ந்து, துரொண்ட்ஹெய்மில் கட்டடக்கலை படித்து, ஒஸ்லோவுக்குத் திரும்பித் தனியாக வேலை தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. கம்பளக் கடையைச் செப மண்டபமாக மாற்றுவதற்கு வரைபடம் கீறியவள் அவள்தான். அந்தக் காணியில் நிற்கும் எந்தக் கட்டடத்துக்கும் தானே பொறுப்பு என்று நகரசபையில், அங்கே எல்லோரும் கொம்யூன் என்று சொல்லும் இடத்தில், கையொப்பம் வைத்தவளும் அவள்தான். ஆகவே அந்தச் சுவரும் சட்டப்படி அவளுடையது. அவள் நாடாவைப் பிடித்து அளந்தாள். மூலைகள் அச்சொட்டாகச் செங்கோணம். அத்திவாரம் உறைபனி இறங்கும் ஆழத்துக்கும் கீழே போயிருந்தது. குறை சொல்ல ஒன்றும் இல்லாததுதான் அவளுக்குப் பெரிய குறையாக இருந்தது.

பாஸ்டர் அவளைக் கதிரையில் இருத்தி, இஞ்சித் தேநீர் கொடுத்து, நடந்ததை நோர்வேஜிய மொழியில் விளங்கப்படுத்தினார். குமாசியில் ஒரு சபை முதலில் மரத்தின் கீழ் கூடும். பிறகு படங்கு கட்டும். பிறகு பலகைக் கொட்டில் போடும். சபை பெருத்தால் கொட்டிலை உடைக்கமாட்டார்கள், ஏனென்றால் உடைத்தால் அடுத்த ஞாயிறு எங்கே கூடுவது? கொட்டிலைச் சுற்றிக் கற்சுவரை எழுப்புவார்கள். சனம் உள்ளே ஆராதிக்க ஆராதிக்க, வெளியே புதிய கோயில் உயரும். கூரை போட்டு முடிந்த அன்றைக்குத்தான் பழைய கொட்டிலைக் கழற்றி, புதிய வாசலால் வெளியே தூக்கி வருவார்கள். "எங்கள் ஊரில் இதற்கு மேசன் வேண்டும்," என்றார் பாஸ்டர். "இங்கே மேசன் கூலி மணித்தியாலத்துக்கு எவ்வளவு என்று கடவுளுக்கும் தெரிந்திருக்கிறது."

செப்ரெம்பர் முழுக்கச் சுவர் ஞாயிற்றுக்கு ஞாயிறு ஏறியது. ஸ்டோவ்னர் சனம் நாய்களோடும் பிள்ளை வண்டிலோடும் வந்து பார்த்தது. முதலில் வந்தவை குமாசியில் காற்றுக்காக வைக்கும் துளைக் கற்கள். அவற்றினூடாக அடித்த குளிரில் பாடகர் குழுவுக்குத் தடிமன் பிடித்தது. அடுத்த ஞாயிறு அந்தத் துளைகள் ஒவ்வொன்றும் மூன்று தட்டுக் கண்ணாடி பூட்டிக்கொண்டன. தட்டையாகக் கிளம்பிய கூரைச் சட்டங்கள், பனியின் பாரத்தை யோசித்தவை போல, அதற்கடுத்த ஞாயிறு செங்குத்தாக நிமிர்ந்தன. கட்டடம் இடத்தைப் படித்துக்கொண்டிருந்தது. அதே வேகத்தில் உள்ளே இருந்த கம்பளக் கடை மெலிந்தது. தகரம் மட்டையாகி, மட்டை கடதாசியாகி, உள்ளே யாரும் தும்மினால் சுவர் ஆடியது. துஷ்யாவுக்கு நித்திரை வரவில்லை, ஆனால் அது கவலையால் மட்டும் அல்ல. துரொண்ட்ஹெய்மில் ஐந்து ஆண்டுகள் படித்ததில் ஒரு கட்டடம் தானாக யோசிப்பதை அவள் கண்டதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பெருநாளுக்குப் போகிற பிள்ளை மாதிரி விடியவே எழும்பி ஓடினாள்.

ஒக்ரோபர் தொடக்கத்தில் கொம்யூனிலிருந்து ஹெல்கே என்ற பரிசோதகர் வந்தார். நீளமான மனிதர், மரியாதையானவர், கோபமே வராதவர். நவம்பர் முதல் வாரத்தில் மீண்டும் வருவேன் என்றார். அன்றைக்குக் கூரை மூடியிருக்க வேண்டும், கட்டடம் வரைபடத்தோடு ஒத்துப்போகவும் வேண்டும். இரண்டில் ஒன்று பிழைத்தாலும் கட்டடம் இடிக்கப்படும், துஷ்யாவின் பொறுப்புக் கையொப்பமும் பறிபோகும். கையொப்பம் போனால் அவள் இன்னொருவரின் அலுவலகத்தில் குளியலறை ஓடு தெரிவு செய்துகொண்டு இருக்கவேண்டியதுதான். சபைக்கோ போக வேறு இடம் இல்லை. ஒஸ்லோவில் மண்டப வாடகை அந்த விலை.

அங்கேதான் துஷ்யா பிழை விட்டாள். அது ஒழுங்காகப் படித்தவர்கள் மட்டும் விடக்கூடிய பிழை. ஞாயிறு தோறும் வளரும் கட்டடத்தை வரைய முடியாது. ஆகவே அது அசையாமல் நின்றால்தான் அளக்கலாம் என்று அவள் கணக்குப் போட்டாள். கட்டட வேலை நடக்கும் இடத்தில் சனம் கூடக்கூடாது என்று விதியும் இருந்தது. வாசலில் மூடல் அறிவித்தலை ஒட்டினாள். சபை மூன்று ஞாயிறு தொலைபேசித் திரையில் ஆராதித்தது. முதல் கிழமை கட்டடம் சொன்ன சொல் கேட்டு அசையாமல் நின்றது. இரண்டாம் கிழமை அளவுகள் முந்தியதை விடக் குறைந்தன. நாடாதான் இழுபட்டுவிட்டது என்று புது நாடா வாங்கினாள். மூன்றாம் கிழமை கூரைச் சட்டங்கள் சுவருக்குள் முழக்கணக்கில் இறங்கிவிட்டன. கல்லைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. உள்ளே பாட்டு நின்றதால்தான் கட்டடம் இறங்குகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அறிவித்தலைத் தன் நகத்தாலேயே சுரண்டி எடுத்தாள்.

ஹெல்கே வர இன்னும் ஒரு கிழமைதான் இருந்தது, வானிலையில் பனி சொல்லியிருந்தார்கள். ஞாயிறுகளை நம்பியிருக்க முடியாது. கூரை மூடும்வரை இரவு பகல் ஓயாமல் ஆராதனை நடக்கவேண்டும். சபையின் பாட்டுக்குத் தலைவி அகோசுவா, பஸ் ஓட்டுநர். அவள் முறை போட்டாள். இரவு வேலைத் தாதிமார் பகலில் பாடினார்கள், பகல் வேலைக்காரர் இரவில் பாடினார்கள். அகோசுவா கடைசி பஸ்ஸைத் தரிப்பிடத்தில் விட்டுச் சீருடையோடு வந்து நின்றாள். கல் சூடேறியது, சட்டங்கள் மேலே கிளம்பின, பார்த்துக்கொண்டு நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆனாலும் மதியத்துக்கும் மாலைக்கும் இடையில் பகல்காரர் வேலையில், இரவுக்காரர் நித்திரையில். அந்த நேரத்தில் பாட ஆள் இல்லை. காலையில் ஏறியதில் பாதி மாலைக்குள் இறங்கியது.

ஸ்டோவ்னரில் அந்த நேரத்தில் வேலை வெட்டி இல்லாமல், பாடவும் தெரிந்தவர்கள் ஒரேயொரு கூட்டம்தான். சின்னராசாவின் வெள்ளிக்கிழமைத் தேவாரக் குழு, எல்லோரும் ஓய்வூதியக்காரர். அன்று அவர்கள் கடைத்தொகுதியில் கோப்பி குடித்துக்கொண்டிருந்த மேசைக்குத் துஷ்யா மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள்.

"அப்பா, எழும்புங்கோ. எல்லாரும் வாங்கோ. பாடவேணும்."

"என்ன பிள்ளை, ஆர் செத்தது?"

"ஒருத்தரும் சாகேல்லை. சேர்ச் இறங்குது!"

விசயத்தைக் கேட்டதும் கமலாதேவி கோப்பையைக் கீழே வைத்தார். குழுவில் சுருதி விலகாத ஒரே குரல் அவருடையது, ஆகவே அவர் சொல்லுக்குப் பெறுமதி இருந்தது. "சேர்ச்சுக்குள்ளை போய் தேவாரமோ? சிவன் கோவிக்கமாட்டாரோ?"

"கோவிச்சா நான் கதைக்கிறன்," என்றார் சின்னராசா.

"நீங்கள் கதைச்சு உங்கடை மேளே கேக்கிறேல்லை, அண்ணை. சிவன் கேக்கப்போறாராக்கும்."

"அதுதானே இப்ப மேள் எங்களைக் கேட்டு வந்து நிக்கிறாள். சிவனும் ஒருநாள் வருவார். கோட்டைப் போடும், எழும்பும்."

பாஸ்டர் குவாபெனா வாசலில் நின்று ஒரு நிமிடம் யோசித்தார். குமாசியில் தங்கள் பெரிய கோயிலுக்குக் கூரை அடித்தவர்கள் முசுலிம் தச்சர்கள், தொழுகை நேரத்துக்கு இறங்கிப் போய்விட்டு வந்து அடித்தார்கள், அந்தக் கூரை இன்றும் ஒழுகவில்லை என்று சொல்லிக் கதவை அகலத் திறந்தார். ஓய்வூதியக்காரர் சப்பாத்தைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்ப் பாடத் தொடங்கினார்கள். முதல் பதிகம் முடிவதற்குள் சட்டங்கள் நின்றன, இரண்டாவதில் ஏறின. மூன்றாவதில் மேற்குச் சுவரில் காவியும் வெள்ளையுமாகப் பட்டை பட்டையாக நிறம் கிளம்பியது, சைவக் கோயில் மதிலில் இருப்பது போலவே. "ஐயோ!" என்று கமலாதேவி பதிகத்தின் நடுவில் கத்தியதில் ஒரு பட்டை சற்று வளைந்துவிட்டது, அது இன்றைக்கும் வளைவாகத்தான் இருக்கிறது. வெளியே வந்தபோது சப்பாத்துகள் மழைத்தூறலில் நனையாதபடி வாசலுக்கு முன்னால் ஒரு தாழ்வாரமும், காலைத் துடைக்க ஒரு கல்லும் வந்திருந்தன. மாலை பஸ்ஸை விட்டு வந்த அகோசுவா தாழ்வாரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, இது நல்ல யோசனை, கானாவிலும் செய்யவேண்டும் என்றாள்.

அதன் பிறகு சொல்லி வைத்தது போல சனம் திரண்டது. பக்கத்து நகரமான திராமனிலிருந்து ஒரு தவில்காரர் வந்தார். மென்பொருள் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த அருட்செல்வம், "எங்க ஆளுங்களையும் சேத்துக்குங்க சார், ஈவினிங் ஷிஃப்ட் நாங்க பாத்துக்கிறோம்" என்று குடும்பத்தோடு வந்து நின்றார். அவர் தன்னைச் "சார்" என்று அழைத்ததைக் கேட்டுச் சின்னராசா நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கமலாதேவி ஒரு கிழமை சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆறாம் நாள் கூரை மூடிக்கொண்டு வந்து, உச்சியில் மட்டும் ஒரு வெட்டு, படகு அளவில், மிஞ்சியிருந்தது. ஆனால் அதற்குள் ஸ்டோவ்னரில் தொண்டை மிஞ்சியிருக்கவில்லை. கானாக்காரருக்கும் குரல் போய்விட்டது, தமிழருக்கும் போய்விட்டது. தவில்காரரின் விரல்கள் வீங்கியிருந்தன.

அந்த நிலைமையில்தான் ஹெல்கே வந்தார். அவருக்குப் பின்னால் பனியும் வந்தது. வெட்டினூடாக முதல் பனிப்பூக்கள் இறங்கி, கடதாசியாகிப்போன கம்பளக் கடையின் கூரையை நனைத்து, அதில் ஓட்டை போட்டு, சனத்தின் தலையில் விழுந்தன. ஹெல்கே மேலே பார்த்தார், துஷ்யாவைப் பார்த்தார், மன்னிக்கவேண்டும் என்று தலையை ஆட்டினார். இருந்தாலும் வந்த வேலையைச் செய்யாமல் போகிற ஆள் இல்லை. அளவுகளைத் தன் கைபேசிக்கு உரத்துச் சொல்லிப் பதிவு செய்வது அவர் வழக்கம். மண்டபத்தின் நடுவில் நின்று, குரலை உயர்த்தி, "வடக்குச் சுவர், பதினெட்டு மீற்றர் நாற்பது" என்று சொல்லி நிறுத்தினார்.

ஒருவர் சபையின் முன் நின்று உரத்து ஒன்றைச் சொல்லி நிறுத்தினால், கானாக்காரர் சும்மா இருக்கமாட்டார்கள். "ஆமென்," என்றாள் அகோசுவா, இருந்த கொஞ்சக் குரலில்.

ஹெல்கே திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தார். "கிழக்குச் சுவர், பதினொன்று இருபது."

"ஆமென்," என்றது சபை முழுவதும், காற்றுப் போல. "அரோகரா," என்றார் கமலாதேவி, விட்டுக்கொடுக்காமல்.

துஷ்யா மேலே பார்த்தாள். வெட்டு ஒரு சாண் குறுகியிருந்தது. அவள் பாய்ந்து போய் ஹெல்கேயின் முழங்கையைப் பிடித்தாள். நிறுத்தவேண்டாம், இன்னும் அளக்க இருக்கிறது என்று நோர்வேஜிய மொழியில் கெஞ்சினாள். சுவர்கள் முடிந்ததும் யன்னல்களுக்கு இழுத்துப் போனாள், யன்னல் முடிந்ததும் படிகளுக்கு, படி முடிந்ததும் தாழ்வாரத்துக்கு. ஒரு தூணின் அளவைத் தடுமாறி அவர் பிழையாக வாசித்தார். தூண் கொஞ்சம் நகர்ந்து அந்த அளவுக்கே வந்து நின்றது. அதைக் கண்ட பிறகு ஹெல்கேயின் காது சிவந்தது, குரலும் ஏறியது. ஒவ்வொரு அளவுக்கும் கையை உயர்த்தத் தொடங்கினார். சனம் எழும்பி நின்றது. பனி நூலாக இறங்கியது. "சக்கர நாற்காலிக் கழிப்பறைக் கதவு," என்று அவர் முழங்கினார், "தொண்ணூறு சென்ரிமீற்றர்!" ஆமெனும் அரோகராவும் ஒன்றாகக் கிளம்பின, மேலே கூரை மூடிக்கொண்டது. அதன் சத்தம் பெட்டி மூடுவதை விடப் பெரிதாக இருக்கவில்லை.

துஷ்யா ஹெல்கேயின் பதிவைக் கேட்டே வரைபடத்தைக் கீறினாள். சென்ரிமீற்றர் பிசகவில்லை, ஏனென்றால் அவர் வாசித்த அளவுக்குத்தான் கட்டடம் வந்திருந்தது. ஹெல்கே அதை ஏற்று அனுமதி எழுதினார். பழைய கம்பளக் கடையை மடித்து, புதிய வாசலால் தூக்கி வந்தார்கள். ஒரு மூலையை ஹெல்கே பிடித்தார். மீள்சுழற்சி நிலையத்தில் அதைக் கடதாசிப் பகுதிக்குள் போடச் சொன்னார்கள், போட்டார்கள்.

தூண்களின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பது ஏன் என்று கொம்யூன் பிறகு விசாரித்தது. பிறகு எழும்பப்போகும் மேல்மாடிக்கு, என்று பாஸ்டர் பதில் அனுப்பினார். நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டார்கள். இப்போது ஆண்டுக்கொரு தடவை, இலையுதிர் காலத்தில், ஹெல்கே வந்து அந்த ஆண்டுக்குரிய அளவுகளை வாசிக்கிறார், சபை ஆமென் சொல்கிறது, கட்டடம் அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மட்டும் வளர்கிறது. பக்கத்துக் காணியில் டயர் விற்கும் போலந்துக்காரர் சென்ற ஆண்டு, தேவாலயம் வளர இடம் விட்டு, தன் வேலியை இரண்டு மீற்றர் உள்ளே தள்ளிப் போட்டுக்கொண்டார். அதற்கான வரைபடத்தையும் துஷ்யாதான் கீறினாள், கையொப்பமும் அவளே வைத்தாள்.