எண்ணெய்க்குத் தாகம்

பீப்பாய் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று ஆய்வகத்துக்கு வந்த புதுக் கருவி மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் ஒளிக்குச்சியை எண்ணெயில் முக்கியதும், கண் இமைப்பதற்குள் திரையில் ஓடும் கோட்டில் தண்ணீருக்கான மேடு எழுந்துவிடும். பீப்பாய்களுக்குப் பொறுப்பு நெட்டையன். அதனால் ஆய்வக மேடத்தின் சந்தேகம் அவன்மேல். அவனுக்கோ பீப்பாய் கழுவும் தன் மச்சான்மேல்.

"நீதானடா ஊத்துன?"

"ஆமா, எண்ணெய்க்குத் தாகமா இருந்துச்சு, ஊத்துனேன்! வந்துட்டீரு கேக்க."

இன்று மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "இன்னைக்கும் தண்ணி காட்டுச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராதீங்க."

நெட்டையன் குச்சியைக் கையில் எடுத்தான். வழக்கம்போல வாளித் தண்ணீரில் துணியை நனைத்து, குச்சியின் நுனிக் கண்ணாடியைப் பயபக்தியோடு துடைத்தான்.

"நில்லுங்க! தினமும் ஈரத்துணியாலயா துடைக்கிறீங்க?"

"தூசி இருந்தா அதுக்குக் கண்ணு தெரியாதுல்ல மேடம்?"

மேடம் உலர்ந்த துணியால் துடைத்து முக்கினார். மேடு எழவில்லை.

"கண்ணாடி இடுக்குல நின்ன தண்ணியத்தான் காட்டியிருக்கு. நாளைக்கு வாங்க."

நெட்டையன் கருவியை முறைத்தான். துடைத்துவிட்ட கையையே காட்டிக்கொடுத்த சாமான்! பிறகு தலையைச் சொறிந்துகொண்டு மச்சானிடம் போய் நின்றான்.

மச்சான் நிமிராமலே கேட்டான்: "தாகம் தீந்துச்சா?"