இரண்டாவது கியர்

வேலை முடிந்து அவள் வீட்டுக்கு வந்தபோது கொட்டகையின் இரட்டைக் கதவு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே முன்பின் தெரியாத ஒரு ஆள், சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, காரின் மட்கார்டைப் பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல விரல் முட்டியால் தட்டிக்கொண்டிருந்தான். கொழுந்தன் பானட்டைத் தூக்கிப் பிடித்தபடி அவனுக்கு எதையோ காட்டிக்கொண்டிருந்தான். அவள் கணவரின் சக்கர நாற்காலி மூலையில் கிடந்தது. கதவைத் திறக்க இடைஞ்சலாக இருந்திருக்கும், ஓரங்கட்டியிருக்கிறார்கள். ஓரங்கட்டியவர்கள் திருப்பி வைக்க மறந்துவிட்டார்கள். மனிதர் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அண்ணி" என்றான் கொழுந்தன். "நல்ல பார்ட்டி. இன்ஜினும் முன்பக்கக் கிரில்லும் இருந்தா போதும்ங்கறாரு. மிச்சத்தையும் அவரே எடுத்துப் பழைய இரும்புக்குப் போட்டுக்குவாரு. உங்களுக்கும் கொட்டகை காலியாயிரும்."

"யாரைக் கேட்டுத் திறந்தீங்க தம்பி?"

"நீங்கதானே அண்ணி போன்ல சொன்னீங்க, எவனாவது இதைத் தூக்கிட்டுப் போனா போதும்னு."

சொன்னது உண்மைதான். ஒருமுறை இல்லை, பலமுறை சொல்லியிருக்கிறாள். அவள் நாற்காலியைப் பார்த்தாள். "அவரைக் கேட்டீங்களா?"

கொழுந்தன் சிரித்தான். "அண்ணனைக் கேட்டா என்ன பதில் வரும்னு உங்களுக்குத் தெரியாதா?"

மூலையிலிருந்து, சுவரைப் பார்த்தே, பதில் வந்தது. "சனியனே."

வாங்க வந்த ஆள் சட்டென்று திரும்பினான். தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்திருப்பான்.

அந்தக் கார் ஒரு ஹட்சன். அமெரிக்காவில் செய்தது. அதைச் செய்த கம்பெனியே எப்போதோ இல்லாமல் போய்விட்டது. மூடிப்போன ஒரு மில்லின் கிடங்கில், கோழிகள் முட்டையிடும் கூடாகக் கிடந்ததை அவர் பார்த்தார். கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்கிற பிள்ளையைப்போல ஒற்றைக்காலில் நின்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். அச்சகத்தில் மெஷின் பழுது பார்ப்பது அவர் வேலை. அச்சகம் விட்டால் கொட்டகை, கொட்டகை விட்டால் அச்சகம். காரின் கதவுகள் மகளின் கட்டிலுக்கடியில் பல வருஷம் படுத்துக் கிடந்தன. சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் கார்புரேட்டர் இருந்தது, அதுவும் ஒன்றல்ல, இரண்டு. "உனக்குச் சக்களத்தி வந்துட்டா" என்று பக்கத்து வீட்டுக்காரி கேலி செய்வாள். சக்களத்தியாக இருந்தால் பாத்திரம் கழுவவாவது ஒரு கை கிடைத்திருக்கும் என்பாள் இவள். காருக்கு அவள் வைத்த பெயர் சனியன். "அந்தச் சனியனை விட்டுட்டுச் சாப்பிட வாங்க." இத்தனை வருஷமும் இப்படித்தான் அவரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள்.

பக்கவாதம் வந்து வலது கையையும் வலது காலையும் பேச்சையும் கொண்டுபோன பிறகு, வாயிலிருந்த மற்ற வார்த்தைகளெல்லாம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட, ஒன்றே ஒன்று மட்டும் போகாமல் தங்கிவிட்டது. பசித்தால் சனியனே. வலித்தால் சனியனே. உங்க பேரென்ன என்று டாக்டர் கேட்டபோதும் சனியனே. "மத்த வார்த்தையெல்லாம் உள்ளதான் இருக்கும்மா, வர்ற வழிதான் அடைச்சிருக்கு" என்றார் டாக்டர். யாரையும் ஒரு கெட்ட வார்த்தை சொல்லாத மனுஷன் என்று உறவுக்காரர்கள் அதிசயப்பட்டார்கள். அவளால் மட்டும் அதிசயப்பட முடியவில்லை. அது அவருடைய வார்த்தை இல்லை. அவளுடையது. அவ்வளவு வருஷம் அவள் பேசியதில் அவர் காதில் வாங்கி வைத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான் போலிருக்கிறது.

அவள் போய் நாற்காலியைத் திருப்பினாள். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. இந்தக் கண்ணுக்காக அவள் இரங்கவில்லை. ஒரு மனிதனைச் சாக்குமூட்டைபோலச் சுவரோரம் தள்ளிவிட்டு அவன் எதிரிலேயே அவன் பொருளுக்குப் பேரம் பேசுகிறார்களே, அதுதான் அவள் தலைக்கு ஏறியது. அவரைத் திட்டுகிற பாத்தியதை அவளுக்கு உண்டு. இவர்களுக்கு எங்கிருந்து வந்தது?

"விக்கலை. பானட்டை இறக்குங்க."

"ஓடாத வண்டிய வச்சுக்கிட்டு என்ன அண்ணி பண்ணப் போறீங்க?"

"ஓட்டப் போறேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. வாங்க வந்தவன் மரியாதையாகத் தலையை ஆட்டிவிட்டு, ஓடினால் முழுசாகவே வாங்கிக்கொள்வதாகச் சொல்லிக் கிளம்பினான். கொழுந்தன் வாசலில் நின்று, "உங்க ரெண்டு பேருக்கும் நல்லது பண்ண வந்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்று முனகிக்கொண்டே செருப்பை மாட்டினான்.

இன்ஜினை அவர் ஏற்கெனவே பிரித்துக் கோத்து முடித்திருந்தார். மிச்சம் இருந்தது கிளட்சும் பிரேக்கும். அந்தக் காரின் கிளட்ச் எண்ணெயில் ஊறியபடி வேலை செய்வது, தட்டில் வரிசையாகத் தக்கைத் துண்டுகள் பதித்திருக்கும். அவர் படுக்கையில் கிடந்த காலத்தில் கார் அசையாமல் நின்று, தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. அவர் நாற்காலியில் இருந்தபடி கைத்தடி நுனியால் ஒவ்வொரு போல்ட்டாகத் தொட்டுக் காட்டுவார், அவள் கழற்றுவாள். பழைய எண்ணெயை வடித்து, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, பெடலை மிதித்து மிதித்து ஒட்டியதை விடுவிக்க வேண்டும். தவறான போல்ட்டில் ஸ்பேனர் வைத்தால் "சனியனே" கட்டையாக வரும். சரியாக வைத்தால் அதே சொல் பெருமூச்சுபோல வரும். ஒரே சொல்லில் எத்தனை சாயல் என்று பழகியபோது அவளுக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. ஊர் வார்த்தையெல்லாம் கைவசம் இருந்தபோது இந்த மனிதர் அவளிடம் இதில் பாதி சாயல்கூடக் காட்டியதில்லை.

அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில் அவளைத் தேடி வருவார்கள். வலிக்காமல் ஊசி போடுகிறவள் என்று பெயர். இப்போது ரத்தம் எடுக்க அவள் நீட்டிய கைகளில் நகக்கண்ணின் கறுப்பைப் பார்த்துச் சிலர் முகம் சுளித்தார்கள். கையுறையை மாட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பிரேக்கில்தான் வெடித்தது. குழாயிலிருக்கும் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து மூடியைத் தளர்த்தி, காற்று போனதும் இறுக்க வேண்டும். அதற்குள் மிதித்தவர் காலை எடுத்துவிட்டால் போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். அவரை ஓட்டுநர் இருக்கையில் ஏற்றி, நல்ல காலைப் பெடலில் வைத்துவிட்டு, அவள் கீழே போய்ப் படுத்தாள்.

"மிதிங்க. பிடிச்சுக்கங்க. விடாதீங்க."

அவர் விட்டார். மறுபடியும் முதலிலிருந்து. மறுபடியும் விட்டார். விடுமுறை நாளின் காலைப்பொழுது முழுக்க இப்படியே போனது. இன்னொரு தடவை அவள் சொல்வதற்கு முன்பே மிதித்துத் தொலைக்க, பிரேக் எண்ணெய் பீய்ச்சி அவள் கன்னத்திலும் உதட்டிலும் அடித்தது. மேலேயிருந்து, "சனியனே."

அவள் வெளியே வந்தாள். முகத்தைத் துடைக்கவில்லை.

"யாரு சனியன்? நானா? பிடிச்சு வைக்கத் தெரியுதா உனக்கு? எதையாவது பிடிச்சு வச்சிருக்கியா இந்த வீட்டுல, இந்த இரும்பைத் தவிர? பொண்ணைப் படிக்க அனுப்புன அன்னைக்கு ரயிலடியில நான் ஒத்தையா நின்னேன். அவ ஜன்னல் வழியா உன்னைத் தேடித் தேடிப் பார்த்தா. நீ அப்ப எங்க இருந்தே? துறைமுகத்துல, இந்தப் பின்னாடி விளக்குக் கண்ணாடிக்காக வரிசையில நின்னுகிட்டிருந்தே. வீட்டுக்கு வந்து பிள்ளை போயிட்டாளான்னு கேட்டியா? பார்சலைப் பிரிச்சுக் காட்டி, கீறல்கூட இல்லைன்னு சொன்னே."

கல்யாணமான நாளிலிருந்து அவரை அவள் நீ என்று சொன்னதில்லை. அது நாக்கிலிருந்து விழுந்த வேகத்தில் கையிலிருந்த ஸ்பேனரும் போனது. அந்தக் கண்ணாடியைக் குறிவைத்து எறிந்தாளா என்று பிறகு யோசித்தபோது, ஆமாம், குறிவைத்துத்தான் எறிந்தாள் என்றே அவளுக்குப் பட்டது. உலகத்தில் எங்கேயோ ஒரு கிழவரிடம் பல வருஷம் எழுதிக் கேட்டு வாங்கிய சிவப்புக் கண்ணாடி சிமெண்டுத் தரையில் சிதறியது.

அவர் கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். வாய் திறந்தது. அந்த ஒற்றைச் சொல்கூட வரவில்லை. இப்போதாவது கத்துவார் என்று அவள் காத்திருந்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் முன்பக்கம் திரும்பி, காலைப் பெடலில் வைத்து மிதித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இடக்கையால் இறுகப் பற்றிக்கொண்டு, விடாமல் மிதித்துப் பிடித்திருந்தார்.

இதுதான் பதில் என்றால் இது போதாது என்று அவள் நினைத்தாள். ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடியும் கீழே போய்ப் படுத்தாள். அதன்பிறகு அவர் காலை எடுக்கவில்லை.

காரை வெளியே எடுத்த காலையில் கொழுந்தனும் வந்திருந்தான். அவள்தான் வரச் சொல்லியிருந்தாள், அவன் பார்க்கட்டும் என்று. "அண்ணி, எதுக்கும் ஒரு டிரைவரை வச்சுக்கலாமே" என்றான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காரின் தளம் வாசல் சட்டத்தைவிடத் தாழ்ந்திருக்கும், கிணற்றுப் படியில் இறங்குவதுபோல உள்ளே இறங்க வேண்டும். அவரை வலப்பக்க இருக்கையில் இறக்கி, வராத காலைத் தூக்கி உள்ளே வைத்து, கதவைச் சாத்திவிட்டு இடப்பக்கம் வந்து, அமெரிக்கக் காரில் அங்கேதான் இருக்கும் ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தாள். இன்ஜின் ஒரே முடுக்கில் பிடித்துக்கொண்டது. சத்தம் அடிவயிற்றில் கேட்டது. அவர் முகத்தை அவள் வேண்டுமென்றே பார்க்கவில்லை.

ஸ்டியரிங் எருமை மாதிரி கனத்தது. இரண்டு கையும் அதற்கே போதவில்லை. கியர் கம்போ ஸ்டியரிங் தண்டிலேயே, வலப்பக்கம் இருந்தது. பிரேக்கை விட்டதும் வாசல் சரிவில் கார் தானாக உருள, ஒரு கையை எடுத்து அவள் அதைத் தேடியபோது கார் பக்கத்து வீட்டு மதிலை நோக்கி இழுத்தது. திட்டிக்கொண்டே ஸ்டியரிங்கைப் பிடி விடாமல் திருப்பினாள். அப்போது பக்கத்திலிருந்து அவருடைய நல்ல கை, இடக்கை, நீண்டு வந்து கம்பைப் பற்றியது. அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் பாதத்தைப் பார்த்தார். அவள் கிளட்சை மிதித்தாள். அவர் முதல் கியரைப் போட்டார்.

முதலில் பல்சக்கரங்கள் பல்லைக் கடித்தன. அவள் முந்திக் காலை எடுத்தாள், அல்லது அவர் பிந்திப் போட்டார். "சனியனே" என்றார். "நீங்கதான்" என்றாள். பெரிய சாலைக்கு வந்தபோது இரண்டாவது கியர் வெண்ணெயில் கத்திபோல விழுந்தது. ஓரமாக நின்றவர்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஒரு லாரிக்காரர் கை காட்டினார். மகளின் ரயில் போன தண்டவாளம் சாலைக்குப் பக்கத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. அவள் எதையும் மன்னிக்கவில்லை என்பது அப்போது அவளுக்குத் துலக்கமாகத் தெரிந்தது.

வேகம் கூடியது. மூன்றாவது போட வேண்டிய நேரம். அவர் கை கம்பில் தயாராக இருந்தது. அவள் கிளட்சை மிதிக்கவில்லை.

இன்ஜின் சத்தம் ஏறியது. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். எத்தனையோ வருஷத்தில் முதல்முறையாக, காரின் எந்தப் பாகத்தையும் பார்க்காமல், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. இரண்டாவது கியரிலேயே கார் அலறிக்கொண்டு போனது. கம்பின் மீது அவருடைய கை அதிர்ந்தபடி காத்திருந்தது. அவளுடைய இடது கால் பெடலுக்கு மேலே, அதைத் தொடாமல், நின்றுகொண்டிருந்தது.