மருமகன் இறக்கும் விமானம்

ஹஜ்ஜுக்குப் புறப்படும் முன் ஆமினா உம்மா வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்டார். "தெரிஞ்சும் தெரியாமலும் ஏதும் கதைச்சிருந்தா பொருந்திக்கங்க" என்பார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலிலும் இன்னொன்றையும் சொல்வார். "எங்கட பிளேன மருமகன்தான் இறக்கப் போறார்."

பக்கத்து வீட்டுச் சுபைறா சிரித்தாள். "என்ட மருமகனுக்கு மோட்டச்சைக்கிள மதில்ல முட்டாம நிப்பாட்டத் தெரியா. நீங்க குடுத்து வெச்சவங்க, ராத்தா."

உம்மாவுக்குப் பின்னால் நின்ற மகள் ஹாஜறாவும் அன்று சிரித்தாள்.

அவள் கணவன் ஜெஸீம் வளைகுடாவில் ஒரு பெரிய விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை செய்தான். உம்மாவின் கூட்டம் கொழும்பிலிருந்து அங்கே போய், விமானம் மாறி ஜித்தாவுக்குப் போக வேண்டும். விமானத்தை ஓட்டுபவர் வேறு, எந்த ஓடுபாதையில் எப்போது இறங்கலாம் என்று சொல்லும் தான் வேறு என்று ஜெஸீம் பலமுறை விளக்கியிருந்தான். உம்மா காதில் எடுக்கவில்லை. "நான் வாற அண்டு நீங்கதான் மகன் அதுல இரிக்கணும்" என்று தொலைபேசியில் கேட்டார். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஊரில் அவனுடைய வீடு மாமி கொடுத்த வீடுதான். "சரி மாமி" என்றான்.

உம்மாவின் வான் கொழும்புக்குப் போன மறுநாள், அஸர் தொழுகைக்குப் பிறகு, நல்லரெத்தினத்தின் தொலைபேசிக் கடையான கொமியூனிகேஷனுக்கு ஜெஸீம் கோல் எடுத்தான். ஹாஜறா கண்ணாடிப் பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"உம்மா நாளைக்கு ஏறுறா" என்றாள்.

"ஓம்."

அவன் கொட்டாவி விடுவது கேட்டது.

"நித்திரை கொண்டீங்களா, மச்சான்?"

"எங்க. நாளைக்கு வேலையில நிக்கிறதுக்காக மத்தவங்கட ஷிப்டையும் சேத்துச் செஞ்சன். ஹஜ் நேரம். ஒண்டுக்குப் பின்னால ஒண்டு வந்துக்கிட்டே இரிக்கி."

அவள் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"நேத்து ஒரு பிளேன ரன்வேல ஏத்தி நிப்பாட்டி வெச்சன். அப்படி நிக்கக்குள்ள அதுட கடுதாசித் துண்ட மேசையில குறுக்கால திருப்பி வெக்கணும். பாதை அடைபட்டிரிக்கி எண்டு கண்ணுக்குத் தெரியத்தான் அது. நான் திருப்பல்ல. இறங்கி வந்த ஒண்டுக்கும் அதே ரன்வேயக் குடுத்திட்டன்."

வெளியே யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"பிறகு?"

"பக்கத்தில இரிந்தவன் கண்டான். இறங்கினத மேல ஏறச் சொன்னான். ஏறிட்டு."

"எத்தின பேர் இரிந்தாங்க?"

"ரெண்டிலயுமா?"

அவள் கண்ணுக்குள் வெள்ளைத் துணி உடுத்து வரிசையாக இருப்பவர்கள் தெரிந்தார்கள். ஜன்னலோரம் உம்மா, கையில் தஸ்பீஹ் மணி.

"எங்கட வேலைப் பெரியவருக்கிட்டச் சொல்லிட்டன். நாளைக்கு நிக்க ஏலுமா எண்டு கேட்டார். மாமி வாறா, நிக்கிறன் எண்டு சொன்னன்."

"நிக்க வேணாம்."

"ஊரெல்லாம் சொல்லிட்டா, ஹாஜறா. மாமிட மொகத்தில எப்படி முழிக்கிற?"

"முழிக்கிறதுக்கு உம்மா வந்து சேரணுமே."

சொன்ன பிறகு அவளுக்கே பயமாக இருந்தது.

"கண்ண மூடினா அது இறங்கி வாறதுதான் தெரியிது" என்றான்.

"மூடிக்கிட்டுப் படுங்க. உம்மாவ வேற ஆள் இறக்கட்டும்."

ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. லைன் அறுந்துவிட்டது. அவன் அறை நம்பருக்கு நல்லரெத்தினம் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். கிடைக்கவில்லை.

அடுத்த நாள் சோற்றுக்கு உப்புப் போட்டாளா என்பது ஹாஜறாவுக்கு நினைவில்லை. இராணுவ முகாமிலிருந்து ஹெலிகொப்டர் எழும்பிய போதெல்லாம் கையிலிருந்ததைக் கீழே வைத்தாள். வேலைக்குப் போயிருப்பானோ? மாமிக்கு ஒரு முறையும் இல்லை என்று சொல்லாதவன். போயிருந்தால், அவனை அங்கே உட்கார வைத்தது கோபுரத்தின் சட்டம் அல்ல, தங்கள் ஆசை.

பின்னேரம் கொமியூனிகேஷனில் பலகை வாங்கில் உட்கார்ந்திருந்தாள். "இன்னும் ஒண்டும் வரல்ல, தங்கச்சி" என்றார் நல்லரெத்தினம். கொஞ்சம் கழித்துக் கேட்காமலே மறுபடியும் சொன்னார்.

மஃரிப் தொழுகைக்கு முன் மணி அடித்தது. உம்மா.

"வந்து சேந்திட்டம் மகள், அல்ஹம்துலில்லாஹ். கொஞ்ச நேரம் வானத்திலயே சுத்தினம். பாதை ஒழிவா இல்லயாம். மருமகன் அவசரப்படல்ல. பிறகு பஞ்சில வெச்ச மாதிரி இறக்கினார். எல்லாரும் என்னத்தான் பாத்தாங்க."

"அவரக் கண்டீங்களா?"

"எப்படிக் காணுற? மேல வேலையா இரிப்பார்தானே. சலாம் சொல்லு."

ஹாஜறா ஜெஸீமின் அறைக்கு அடிக்கச் சொன்னாள். இந்த முறை கிடைத்தது. அறையில் கூட இருப்பவர் எடுத்தார். நேற்றுப் படுத்தவன் இன்னும் எழும்பவில்லை, எழுப்பவா என்று கேட்டார்.

"வேணாம்" என்றாள்.

உடனே வைக்க மனமில்லாமல் ரிசீவரைக் காதில் வைத்தபடி நின்றாள். வெளியே வந்தபோது நல்லரெத்தினம் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, மருமகன் இறக்கிட்டாராமா?"

"உம்மா இறங்கிட்டா, அண்ணன்" என்றாள்.