மூன்றாவது ஆள்

"நம்ம ஜாகோங் எப்படி இருக்கு?" என்று பரமேஸ்வரன் கேட்டபோது குகன் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டிருந்தான். கை பாதியில் நின்றது.

"யாரு அங்கிள்?"

"உன் மவதான்யா. வேற யாரு?"

"நல்லா இருக்கா."

பிரிக்பீல்ட்ஸில் அஞ்சடி நடைபாதையில் மேசை போட்ட கடை. சனிக்கிழமை காலை. தலைக்கு மேல் மோனோரயில் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு, போனதும் தொடர வேண்டும். பரமேஸ்வரன் தே தாரேக் தேநீரின் நுரையை ஊதி ஓரமாக ஒதுக்கினார். கிள்ளானில் வாகனம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருப்பவர். முப்பது வருடம் இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தே உடம்பு கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்துவிட்டது. யாராவது வேகமாகப் பேசினால் அவர் வலது கால் தானாகவே தரையை மிதிக்கும். பிரேக்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை நம்ம ஆபீஸ்ல உக்காருவோம். மத்த ரெண்டு பேருக்கும் சொல்லிட்டேன். செந்தூல்ல ஒரு வேலை, அப்படியே ஒன்னையும் பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"புனிதாக்கா வீட்டுக்கும் போனீங்களா?"

"அங்க ஏன் போறேன்? சிவாகிட்ட போன்ல சொன்னதோட சரிலா."

மேசைக்கு அடியில் கால் தரையை மிதித்தது. குகன் அதைப் பார்த்தான். அவன் மெதுவாகத்தான் கேட்டிருந்தான்.

பரமேஸ்வரன் போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை. ஜாகோங். மலாயில் சோளம். அந்தப் பெயர் அவன் சகலை, புனிதாவின் கணவன் சிவாவின் வீட்டுச் சுவருக்குள் பிறந்தது. மேரு இரவுச் சந்தையில் வெண்ணெய் போட்டுக் குவளையில் தரும் சோளத்தைத் தவிர வேறு எதையும் குழந்தை தொடமாட்டாள் என்பதால் சிவா வைத்த பெயர். மனைவி வாணி இருந்தபோது அந்தப் பெயர் இல்லை. குகனே அதை முதல் தடவை கேட்டது கேட்டுக்கு வெளியே நின்றுதான். உள்ளேயிருந்து "ஜாகோங், அப்பா வந்துட்டாரு" என்று சிவா கத்தினான். யாரையோ கூப்பிடுகிறான் என்று நினைத்துக் குகன் திரும்பிப் பார்த்தான். ஆக, அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்து பேசிய ஒருவருக்குத்தான் அது தெரியும். போகவில்லை என்கிறார்.

வாணி போன வருடம் டெங்கியில் இறந்தாள். காய்ச்சல் இறங்கிய அன்று கஞ்சி குடித்தாள், தலை வாரிக்கொண்டாள், மறுநாள் வேலைக்குப் போகலாமா என்று கேட்டாள். காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்து என்று குகனுக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கப்புறம் நல்லதாகத் தெரியும் எதையும் அவன் நம்புவதில்லை.

முப்பதாம் நாள் படையல் முடிந்ததும் வாணியின் அக்கா புனிதா குழந்தையைக் கிள்ளானுக்குக் கொண்டுபோனாள். "கொஞ்ச நாள் இருக்கட்டும் தம்பி. நீங்க ஒரு நிலைக்கு வாங்க" என்றாள். அவன் வேலை பார்த்தான். சாயங்காலங்கள் நீளமாக இருந்ததால் முதுநிலைச் சட்டப் படிப்பில் சேர்ந்தான். பன்னாட்டு வணிகத் தகராறுகளை நீதிமன்றத்துக்குப் போகாமல் நடுவர்களை வைத்துத் தீர்க்கும் ஆர்பிட்ரேஷனை எடுத்துக்கொண்டான். அதில் யாரும் சாவதில்லை. பாமாயில் கெட்டுப்போகும், கப்பல் தாமதமாகும், அவ்வளவுதான். "படிங்க, படிங்க, பிள்ளைய நாங்க பார்த்துக்கிறோம்" என்று சிவா சொன்னான். அன்றைக்கு அது அன்பாக இருந்தது. இப்போது திரும்பிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் வேறு முகம் தெரிந்தது. பின்னறைக்கு மஞ்சள் சாயம் அடித்தார்கள். சின்னக் கட்டில் வந்தது. பிறகு, கேட்காமலேயே, பக்கத்துப் பாலர் பள்ளியில் பெயர் பதிந்தார்கள். "சும்மா லா, எடம் போயிடும்னு" என்றாள் புனிதா. குழந்தை எங்கே பழகிவிட்டதோ அங்கேயே இருக்கட்டும் என்றுதான் எந்த நீதிபதியும் சொல்வார். அது தெரிந்துதான் செய்தார்களா? சிவா லோரி கம்பெனியில் கணக்கு பார்ப்பவன். அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்?

மகளைப் புது வருடத்துக்குள் அழைத்துக்கொள்கிறேன் என்று குகன் சொன்னபோது புனிதா சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய் வெகுநேரம் ஓடியது. கோர்ட்டுக்குப் போனால் வாணி வீட்டு உறவு அவனுக்கு இல்லாமல் போய்விடும். அதனால் படித்ததை வைத்து அவனே ஒரு வழி சொன்னான். உங்கள் பக்கம் ஒருவர், என் பக்கம் ஒருவர். அந்த இருவரும் சேர்ந்து எந்தப் பக்கமும் சேராத மூன்றாவது ஆளைத் தேர்ந்தெடுக்கட்டும். மூவரும் சொல்வதற்கு இரண்டு வீடும் கட்டுப்பட வேண்டும்.

"சரி" என்றான் சிவா உடனே.

அந்த உடனே என்பதும் குகனை உறுத்தியது.

அவர்கள் பக்கத்து வீட்டு நல்லம்மாளைச் சொன்னார்கள். குகன் ஜெஞ்சாரோமில் இருக்கும் தாய்மாமன் நாகையாவைச் சொன்னான். அவனுக்கென்று இருந்த ஒரே மாமன். போன மாதம் மாமன் வீட்டுப் புதுமனை விழாவுக்குக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு போயிருந்தான். மறுநாள் தேர்வு இருந்ததால் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு வழக்குகளைப் படித்துக்கொண்டிருந்தான். நல்லம்மாளும் நாகையாவும் ஒரே தொலைபேசிப் பேச்சில் பரமேஸ்வரனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கிள்ளானில் பாதிப் பேருக்கு லைசன்ஸ் வாங்கிக் கொடுத்தவர், இரண்டு பக்கமும் தெரிந்தவர். இரண்டு பக்கமும் தெரிந்தவரா, எந்தப் பக்கமும் சேராதவரா என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

புதன்கிழமை வகுப்பில் அதைத்தான் நடத்தினார்கள். விரிவுரையாளர் டாக்டர் சுராயா கொடுத்திருந்த பயிற்சியில் ஒரு ரோட்டர்டாம் நிறுவனமும் ஒரு ஜொகூர் நிறுவனமும் சண்டை போட்டன. தலைமை நடுவர் ஒரு தரப்பு வழக்கறிஞரோடு பழைய சிநேகம் வைத்திருந்ததைச் சொல்லாமல் மறைத்துவிட்டார். அவரை விலக்கக் கோரும் மனுவைக் குகன் எழுதியிருந்தான். நன்றாக எழுதியிருந்தான். சிவப்பு மை எங்கும் இல்லை, கடைசிப் பக்கத்தில் மட்டும் ஒரு கோடு.

"கோபமாக எழுதியிருக்கிறீர்கள்" என்றார் அவர். "நடுவர் மேல் உங்களுக்குச் சந்தேகம் வந்தால் போதாது. விவரம் தெரிந்த, எந்தப் பக்கமும் சேராத ஒருவர் வெளியே நின்று பார்த்தாலும் அது வர வேண்டும். அதுதான் நியாயமான சந்தேகம். இன்னொன்று. தெரிந்த பிறகும் பேசாமல் இருந்தால், ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்."

எந்தப் பக்கமும் சேராத ஒருவர். குகன் யோசித்துப் பார்த்தான். அவனுக்குத் தெரிந்த எல்லாரும் ஒன்று வாணியின் சாவுக்கு வந்தவர்கள், அல்லது வராதவர்கள்.

மற்றவர்கள் போனபின் கேட்டான். "டாக்டர், ஒரு குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்பதை நடுவர்கள் தீர்க்கலாமா?"

"முடியாது. அதற்கு நீதிமன்றம்தான்."

"இரண்டு தரப்பும் சம்மதித்தாலும்?"

"கையெழுத்துப் போட்டவர்களைத்தான் நடுவர் கட்டுப்படுத்த முடியும்." அவர் பையை மூடினார். "குழந்தை எதிலும் கையெழுத்துப் போடவில்லையே." பிறகு அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார். இவருக்கும் யாராவது சொல்லியிருப்பார்களோ என்று குகன் நினைத்தான். உடனே அந்த நினைப்பு அவனுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனான். பரமேஸ்வரனின் ஆபீஸ் ஒரே அறை. சுவர் முழுக்கச் சாலைக் குறியீடுகள். நில், வழிவிடு, நுழையாதே. வெளியே சிமெண்ட் முற்றத்தில் பயிற்சிக் கார்கள் வரிசையாக நின்றன. குழந்தை ஏற்கெனவே ஒரு சின்னக் கன்சில் காரில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். ஸ்டீயரிங்குக்கு மேல் நெற்றி மட்டும் தெரிந்தது. அவன் கையசைத்தான். அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. புனிதா அவளைப் பார்த்தபடி வாசல்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றாள்.

பிளாஸ்டிக் நாற்காலிகளில் நடுவர்கள் மூவரும் உட்கார்ந்தார்கள். பரமேஸ்வரன் நடுவில். எதிரில் குகனும் சிவாவும்.

"பேசி முடிச்சிட்டு எல்லாரும் ஒண்ணா சாப்புடப் போவோம். நண்டு சொல்லியிருக்கேன்" என்றாள் நல்லம்மாள்.

"ஆரம்பிக்கிறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்றான் குகன். எழுந்து நின்றான். எழ வேண்டிய தேவை இல்லை. "பரமேஸ்வரன் அங்கிள் நடுவுல உக்காரக் கூடாது. அவர் மேல எனக்கு நியாயமான சந்தேகம் இருக்கு."

"அட மருமவனே, என்னாடா இது, கோர்ட்டு மாதிரி?" என்றார் நாகையா.

"இருங்க மாமா. அங்கிள், போன வாரம் என் மகள ஜாகோங்னு சொன்னீங்க. அது இவங்க வீட்டுக்குள்ள மட்டும் கூப்புடுற பேரு. அந்த வீட்டுக்குப் போனதே இல்லைன்னும் சொன்னீங்க. அப்ப யாரு சொன்னா உங்களுக்கு?"

வாசலில் புனிதா சிரித்தாள். சிரிப்பு மாதிரி இல்லை. "இதுக்குத்தான் இத்தன நாள் படிச்சீங்களா தம்பி?"

பரமேஸ்வரன் புரியாமல் அவனைப் பார்த்தார். "ஒங்க மாமா வீட்டு விசேஷத்துலதான்யா. ஜெஞ்சாரோம்ல. நீ வெளிய ஏதோ படிச்சிக்கிட்டு இருந்த. பாப்பா என் பக்கத்துல வந்து பாயசம் குடிச்சிச்சு. பேரு என்னான்னு கேட்டேன். ஜாகோங்னு சொன்னுச்சு. ஒங்க மாமா தாமரைன்னு சொல்லியிருந்தாரு, அதான் தாமரைதானேன்னு கேட்டேன். 'அது அம்மாவோட பேருலா. அம்மா மட்டும்தான் கூப்புடுவாங்க'ன்னுச்சு. அதான் நானும் ஜாகோங்னே சொல்லிட்டேன்."

விசிறி சுற்றும்போது சுவரிலிருந்த ஒரு தாளின் மூலை மட்டும் எழுந்து எழுந்து படிந்தது.

"மொத மாசம் பூரா தாமரை தாமரைன்னுதான் கூப்புட்டோம்" என்றான் சிவா, தரையைப் பார்த்தபடி. "திரும்பவே மாட்டா. காது கேக்குதான்னு டாக்டர்கிட்ட கூடக் காட்டுனோம். அப்பறம்தான் இந்தப் பேரு."

"என்கிட்ட சொல்லலியே" என்றான் குகன்.

"எப்படிச் சொல்றது?" என்றாள் புனிதா. இப்போது அவள் குரலில் குத்தல் இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவள் போலக் கேட்டாள். "நீங்க அவள என்னான்னு கூப்புடுவீங்க தம்பி?"

குகன் வாயைத் திறந்தான். ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றாக வந்தன. வா. ஷூ போடு. பசிக்குதா. கை கழுவு. போலாமா. அவற்றுக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். தேடினான். வாணி அடுத்த அறையிலிருந்து கூப்பிடும் குரல் மட்டும்தான் கிடைத்தது.

பரமேஸ்வரன் எழுந்தார். தன் நாற்காலியைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார். "சந்தேகம்னு ஒரு தடவ வந்துட்டா நான் உக்கார்றது சரியில்ல. வேற ஆளப் பாருங்க."

"அண்ணே, சின்னப் பையன் ஏதோ சொல்றான்னு..." என்றாள் நல்லம்மாள்.

"கோவம் இல்லம்மா. அவன் கேட்டது சரிதான். நாகையா வீட்டு விசேஷத்துல பாப்பாகிட்ட பேசினத நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

குகன் அவருடைய காலைப் பார்த்தான். பழக்கம். கால் அசையவில்லை. எழுந்து வழிவிடுவதும் ஒரு வழிதான், நல்லவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு பிறகு பேசலாம் என்று உள்ளே ஒன்று முணுமுணுத்தது. அவன் அதைக் கேட்டான். விரட்டவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில் வெறும் இடம் இருந்தது. நாகையா ஏதோ சொல்லத் தொடங்கினார். அதற்குள் அவன் வாசலைத் தாண்டியிருந்தான். புனிதா காலை எடுத்து வழிவிட்டாள்.

முற்றத்தில் வெயில் சிமெண்டிலிருந்து திருப்பி அடித்தது. கன்சிலின் கண்ணாடிகள் பாதி இறங்கியிருந்தன. குழந்தை வாயால் கியர் மாற்றிக்கொண்டிருந்தாள். அவன் ஓட்டுநர் பக்கக் கதவின் பிடியை இழுத்தான். உள்ளே பூட்டியிருந்தது. விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டினான்.

"யாரு?" என்றாள் அவள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அப்பா."

"நான் ஓட்டிக்கிட்டு இருக்கேன்லா. யார கூப்புடுறீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். அல்லது, புனிதா வீட்டுக் கேட்டில் யாராவது வந்து நின்றால் உள்ளிருந்து கேட்கும் முறையோ என்னவோ. அவன் குனிந்தான். கண்ணாடியின் மேல்விளிம்பில் வாய் வரும் அளவுக்குக் குனிந்தான். எந்தப் பெயரைச் சொல்வது என்று தேடினான். பின்னால் வாசலில் எல்லாரும் வந்து நிற்பது தெரிந்தது. அவள் சின்னக் கையை நீட்டி ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலிருந்த கம்பியைத் தட்டினாள். காரின் இடது மூலையில் மஞ்சள் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. திரும்புவதற்கு வழி கேட்டுக்கொண்டு அந்தக் கார் நின்ற இடத்திலேயே நின்றது.