இரண்டாவது பிளாப்பி

நர்ஸ் பயிற்சிப் பட்டியலில் தன் மதிப்பெண் தப்பாக ஏறியிருக்கிறது என்று திருவேங்கடத்திலிருந்து ஜெபமலர் என்ற பெண் வந்து நின்றபோது, நான் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தேன். அது 1987 ஜூலை. மேலகரத்தில் ஒரு மாடியில் எங்கள் கம்ப்யூட்டர் சென்டர். ஏ.சி. ரூமுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். கோயில் தோற்றுவிடும்.

வருகிற மார்க் தாள் ஒவ்வொன்றையும் நாங்கள் இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். ஜாஹிரா பீவி ஒரு பிளாப்பியில், நான் இன்னொன்றில். அவள் அடித்ததை நான் பார்க்கக் கூடாது. பிறகு மெஷின் இரண்டையும் ஒப்பிடும். மாறுகிற இடத்தில் மட்டும் தாளை எடுத்துச் சரிபார்ப்போம். முடிந்ததும் தாள்களெல்லாம் அனுப்பியவர்களுக்கே திரும்பிவிடும். நர்ஸ் பட்டியலை அடித்த வாரம் குற்றாலத்தில் சீசன். மதுரைச் சித்தி பிள்ளைகள் பட்டாளமாக வந்து இறங்கியிருந்தார்கள். ஐந்தருவிக்குக் கூட்டிப் போக வேறு ஆள் இல்லை. ஜாஹிரா அடித்தால் தப்பே வராது. அவள் பிளாப்பியை அப்படியே நகலெடுத்து, மேலே என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்கு ஒரு வித்தியாசம்கூட இல்லை. மேனேஜர் நமசிவாயம் சார் அந்தப் பிரிண்டைச் சுவரில் ஒட்டிவைத்து, வருகிறவர்களிடமெல்லாம் காட்டினார்.

ஜெபமலரின் மார்க் சீட்டில் எண்பத்து நான்கு. எங்கள் பட்டியலில் நாற்பத்து எட்டு. தப்பு எங்களுடையது என்று நாங்கள் இன்றைக்கே ஒரு கடிதம் கொடுத்தால் அவளுக்கு இடம் உண்டு. நாளை என்றால் இல்லை.

"ரெண்டு பிள்ளைகளும் தனித்தனியா அடிச்சிருக்கு தாயி. ஒருத்திக்குக் கை தவறலாம். ரெண்டு பேருக்கும் ஒரே இடத்துல, ஒண்ணுபோல தவறுமா?" என்றார் சார். "ஒன் தாள்லதான் யாரோ கைவச்சிருக்காவ."

"பள்ளிக்கூடத்துல சீல் வச்சுக் குடுத்தது சார்."

ஜாஹிராவின் முகம் வெளிறிவிட்டது. அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் அடித்தும் அதே எண் வந்திருக்கிறதே என்று அவளுக்கு ஒரு தெம்பு. அது எனக்குத் தெரிந்தது. பயமோ வெட்கமோ வந்திருந்தால்கூடத் தேவலை. கை மரத்துப்போன மாதிரி, உள்ளே ஒன்றுமே இல்லை.

"குழல்வாய்மொழி, நீ தாளப் பாத்துத்தானம்மா அடிச்ச?"

"ஆமா சார்."

சார் உள்ளே போய்விட்டார். ஜெபமலர் போகவில்லை. ஈரக் கையோடு நின்ற என்னிடம் வந்து, மார்க் சீட்டை நீட்டினாள்.

"நீங்களாவது ஒருக்கா வாசிச்சுப் பாருங்கக்கா."

வாங்கினேன். பெயர், ஊர், பதிவெண், எண்பத்து நான்கு. முதல்முறையாக வாசித்தேன். சீட்டின் மறு ஓரத்தை அவள் இன்னும் விடவில்லை.